செல் தெரிந்தால் உடல் தெரிந்துவிடுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

மரபணு வரிசை முழுக்கப் படித்தாகிவிட்டது. எந்தப் புரதம் எங்கே போய் ஒட்டுகிறது என்று படம் போட்டே காட்டுகிறார்கள். இந்தக் காலத்தில் ஆளைச் சைக்கிளில் ஏற்றி, முகமூடி மாட்டி, மூச்சை அளந்துகொண்டிருக்கும் ஆய்வுக்கு எதற்கு இவ்வளவு நேரமும் பணமும்? கீழ்மட்டம் புரிந்துவிட்டால் மேல்மட்டம் தானாகப் புரிந்துவிடாதா?

மார்ச் 3, இரவு

புரியாது. நான் வேலை செய்வதே அந்தச் சைக்கிள் ஆய்வில்தான், அதனால் எனக்கு இதில் பற்று உண்டு. ஆனாலும் பற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இதயச் செயலிழப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

இதயத் தசை பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை. செல்லை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்வார்? சுருக்கத்தைக் கூட்டு என்பார். மில்ரினோன் என்ற மருந்து அதைத்தான் செய்தது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு சிதையாமல் தடுத்து, கால்சியத்தைக் கூட்டி, தசையை இன்னும் பலமாகச் சுருங்க வைத்தது. வழிமுறையில் ஒரு குறையும் இல்லை, ஆய்வுக்கூடத்தில் அழகாக வேலை செய்தது. 1991-இல் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரை வைத்து நடந்த பிராமிஸ் ஆய்வில், மில்ரினோன் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் அதிகம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பீட்டா பிளாக்கர். இதயத்தின் வேகத்தையும் சுருக்கத்தையும் குறைக்கிற மருந்து. பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். சுவீடனின் கோதன்பர்க்கில் வாக்ஸ்டீனும் கூட இருந்தவர்களும் 1975-இல் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தேறியதாக எழுதினார்கள், பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. 1999-இல் மெரிட் எச்எஃப், சிபிஸ் 2 என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலுமே இறப்பு 34 சதவீதம் குறைவு.

இது எப்படி? இதயம் தளர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அதைப் பிடித்துக்கொண்டு இதயத்தைச் சாட்டையடித்து விரட்டும் பரிவு நரம்புகளை முடுக்கும். சிறுநீரகம், தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதுபோல் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். ரத்தப்போக்கில் விழுந்த ஒருவரைச் சில மணி நேரம் காப்பாற்ற இந்த ஏற்பாடு அருமையானது. மாதக்கணக்கில் ஓடினால் அதே ஏற்பாடுதான் தளர்ந்த இதயத்தை அரிக்கிறது. மில்ரினோன் அந்தச் சாட்டையை இன்னும் ஓங்கியது, பீட்டா பிளாக்கர் சாட்டையைப் பிடுங்கியது. இதயச் செல்லை மட்டும் தட்டில் வைத்து எத்தனை வருடம் பார்த்தாலும் சிறுநீரகமும் கழுத்து உணரியும் அதில் தெரியப்போவதில்லை.

மார்ச் 4

மூலக்கூறு ஆய்வுக்கு நான் எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிவு நரம்பின் கட்டளையை இதயச் செல்லில் வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பி என்று ஒன்று இருப்பது தெரியாமல் பீட்டா பிளாக்கர் வந்திருக்காது. நான் சொல்வது, கீழ்மட்டத்தில் கிடைத்த விடை முழு உடம்பில் அப்படியே நிற்கிறதா என்று தனியாகச் சோதித்தாக வேண்டும், அதுவும் ஒரு அறிவியல்தான், மிச்சம் மீதி வேலை கிடையாது.

மார்ச் 6

“ஒரு மருந்து தோற்றதை வைத்து இவ்வளவு பேசலாமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, இன்னும் சொல்கிறேன்.

மாரடைப்புக்குப் பிறகு வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பினார்கள். ஃபிளெக்கைனைடு, என்கைனைடு என்ற இரண்டு மருந்துகளும் அந்தத் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. காஸ்ட் ஆய்வில் அவற்றைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள், 1989-இலேயே அந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்த வேண்டிவந்தது.

என்னை அதிகம் பாதித்தது நுரையீரல் உதாரணம். கடுமையாக வீங்கிய நுரையீரலுடன் வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று தள்ளுவது? உயரத்தை வைத்துக் கணித்த உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி தள்ளினால் ஆக்சிஜன் நன்றாக ஏறும். 6 மில்லி தள்ளினால் முதல் சில நாட்கள் ஆக்சிஜன் அளவு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கட்டில் பக்கத்தில் நிற்கும் எவரும் 12-ஐத்தான் தேர்ந்தெடுப்பார், கண்முன்னே எண் ஏறுகிறதே. 2000-இல் 861 பேரை வைத்து முடிவு வந்தது: 12 மில்லி தரப்பில் இறப்பு 39.8 சதவீதம், 6 மில்லி தரப்பில் 31. அதாவது ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்த தரப்பில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி விரித்த நுரையீரல் கிழிபடுகிறது, அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் கொட்டுகிறது, அப்புறம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து அடிவாங்குகின்றன. பலர் இறப்பது ஆக்சிஜன் போதாமல் இல்லை, பல உறுப்புகள் ஒன்றாகக் கைவிடுவதால்.

2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகள். வேகமாகத் திரவம் ஏற்றினால் ஷாக் அறிகுறிகள் சீக்கிரம் மறைந்தன. 48 மணி நேரத்தில் இறப்பு: திரவம் வேகமாக ஏற்றிய இரண்டு தரப்பிலும் சுமார் 10.5 சதவீதம், ஏற்றாத தரப்பில் 7.3. ஏன் என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து கிடையாது. நன்றாக அளந்து நடத்திய ஆய்வு என்பதால்தான் அந்தக் கேள்வியாவது நமக்குக் கிடைத்தது.

மார்ச் 6, கொஞ்சம் கழித்து

எல்லா ஆச்சரியமும் கெட்ட ஆச்சரியம் என்று ஆகிவிடக்கூடாது. எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தில் சர்க்கரை திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற நீரிழிவு மருந்து. 2015-இல் இதயப் பாதுகாப்பைச் சோதிக்கப் போனார்கள், இதய நோயால் வரும் இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரகத்தில் ஒரு கதவை மூடினால் இதயத்துக்கு இவ்வளவு நன்மை வரும் என்று அந்தக் கதவை மட்டும் ஆராய்ந்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மார்ச் 9

சைக்கிள் கேள்விக்கு வருகிறேன், மருந்துப் பேச்சு அதை மூடிவிட்டது.

எங்கள் துறையில் ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரே ஒரு காலின் முன்தொடைத் தசையால் மட்டும் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். தொடை தீப்பிடித்த மாதிரி எரியும், ஆனால் மூச்சு அதிகம் வாங்காது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே செய்யலாம். அதே கால்களோடு சைக்கிளில் ஏறி உச்சம்வரை போனால் ஒரு வார்த்தை வெளியே வராது. இரண்டுக்கும் இடையில் உடம்பில் என்ன மாறுகிறது என்பதுதான் விஷயம்.

கோபன்ஹேகனில் பெங்க்ட் சால்டினும் பெர் ஆண்டர்சனும் 1985-இல் இந்த ஒற்றைத் தசைச் சோதனையில் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர். அதுவரை நினைத்திருந்ததைவிடப் பல மடங்கு. இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு 30 கிலோ தசை என்று வைத்துக்கொள்வோம், அதில் பாதி மட்டும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக வேலை செய்தாலே நிமிடத்துக்கு 37 லிட்டர் கேட்கும். பயிற்சி இல்லாத இளைஞரின் இதயம் உச்சத்தில் தருவது 20 லிட்டர் சொச்சம். கேட்டதையெல்லாம் தசைக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழ வேண்டும். விழுவதில்லை. வேலை செய்துகொண்டிருக்கிற தசையின் ரத்தக்குழாயையே நரம்புகள் இறுக்கிப் பிடிக்கின்றன, மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டிய அழுத்தத்தைக் காப்பாற்றுவதற்காக. கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது கைகளையும் வேலையில் இறக்கினால் காலுக்குப் போகும் ரத்தம் குறையக்கூடும் என்று நீல்ஸ் செக்கர் குழு 1977-இலேயே காட்டியது.

தசையைத் தனியாக வெட்டி எடுத்து ஆராய்ந்தால் இது தெரியாது, இதயத்தைத் தனியாக எடுத்தாலும் தெரியாது. ஒரு ஆள், முழுசாக, சைக்கிளில் இருக்க வேண்டும்.

மார்ச் 10

“எலியில் செய்யலாமே” என்று வந்த கேள்விக்கு: செய்கிறார்கள், செய்ய வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடச் சுண்டெலி இருக்கும் அறை பெரும்பாலும் 20-22 டிகிரி. அதற்கு வசதியான வெப்பம் 30 டிகிரிக்குப் பக்கத்தில். மனிதர்களுக்கு வசதியான அறை எலிக்குக் குளிர், அது தன் ஆற்றலில் பெரும்பங்கை உடம்பைச் சூடாக்கவே செலவழிக்கிறது, நாடி நிமிடத்துக்கு 500, 600. அந்த எலியின் உடல் பருமன் ஆய்வை நம் உடம்புக்குப் பொருத்துவதற்கு முன் அறை வெப்பத்தையாவது கட்டுரையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மார்ச் 13

இதுவரை முழு உடல் பற்றியே பேசிவிட்டேன். சிக்கலில் அது பாதிதான். ஒரே மாதிரி அளக்காவிட்டால் முழு உடலை அளந்தும் பயனில்லை.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், இதைவிட எளிய அளவு கிடையாது. கை தொங்கினால் எண் ஏறும். பேசினால் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் ஏறும். 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு, மேல் எண்ணை 120-க்குக் கீழே இறக்கினால் நல்லது என்று சொன்னது. அதில் ஆளை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தார்கள், பல மையங்களில் அந்த நேரம் ஊழியர் அறையிலேயே இல்லை. அவசரமாக நடந்துவந்து உட்கார்ந்தவுடன் பட்டை சுற்றி எடுக்கும் எண் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே வரும். அப்படியானால் அந்த 120-உம் இந்த 120-உம் ஒன்றா? அப்படி எடுத்த எண்ணை இறக்க மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் வயதானவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்.

எங்கள் பக்கத்திலும் இதே கதை. உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டை, அதாவது வி.ஓ.2 மேக்ஸை, 15 விநாடிச் சராசரியில் எடுக்கிறோமா, ஒரு நிமிடச் சராசரியில் எடுக்கிறோமா என்பதைப் பொறுத்தே எண் மாறும். சைக்கிளா ஓடுபொறியா என்பதைப் பொறுத்தும் மாறும், ஓடுபொறியில் பொதுவாகக் கூடுதல். ஒருமுறை எங்கள் தரவையும் வேறொரு குழுவின் தரவையும் சேர்த்து ஆராய உட்கார்ந்தோம். அவர்கள் எந்தச் சராசரி எடுத்தார்கள், காலையிலா மாலையிலா, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது, அறை வெப்பம் என்ன, எதுவும் எழுதிவைக்கவில்லை. கேட்டால் வேலை பார்த்தவர் போய்விட்டார் என்றார்கள். அத்தனை பேர் வியர்த்து விறுவிறுத்து உச்சம் வரை மிதித்த உழைப்பைச் சேர்க்க முடியாமல் தூக்கி வைத்தோம். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. தன்னார்வமாக வருபவர் தன் ஊசி வலியையும் நேரத்தையும் கொடுக்கிறார், அதற்கு நாம் ஒரு வரி எழுதிவைக்கக்கூடாதா?

மார்ச் 14

“அப்படியானால் எல்லோரும் ஒரே நெறிமுறையில் செய்தால் புதுமை செத்துவிடும்” என்கிறார் ஒருவர். இதில் நியாயம் இருக்கிறது, நேற்று எழுதியதை இன்றைக்குத் திரும்பப் படித்தபோது எனக்கும் அது தோன்றியது. புதிய கேள்விக்குப் புதிய முறை வேண்டும். நான் கேட்பது அடிப்படை நிலைமைகள் பதிவாக வேண்டும், மூலத்தரவு வெளியே வர வேண்டும், புதிய முறையோடு பழைய முறையிலும் ஒரு தடவை எடுத்துவைக்க வேண்டும் என்பதுதான். பழையதுடன் ஒப்பிட முடியாத புதுமை தனித்தீவாகிவிடும்.

மார்ச் 18

ஒரே ஆட்கள், ஒரே அளவைகள், முழு உடல் மூன்றும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று அமெரிக்காவின் டல்லஸில் நடந்த படுக்கை ஆய்வு. இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

1966. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர். மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள். உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கிட்டத்தட்ட 27 சதவீதம் விழுந்தது. வெறும் வீழ்ச்சியைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வை இன்றைக்கு யாரும் பேசமாட்டார்கள். அவர்கள் இதயம் தள்ளும் ரத்தம், நாடி, தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் இடையே ஆக்சிஜன் வித்தியாசம் எல்லாவற்றையும் அளந்தார்கள். வீழ்ச்சி எங்கே என்று தெரிந்தது: ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டது. தசை ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் திறன் பெரிதாக மாறவில்லை.

முப்பது வருடம் கழித்து, 1996-இல், அதே ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். எடை கூடியிருந்தது, கொழுப்புச் சதவீதம் இரட்டிப்பாகியிருந்தது. அப்படியும் ஐம்பது வயதில் ஒருவர்கூட இருபது வயதில் படுக்கையிலிருந்து எழுந்தபோது இருந்த நிலைக்குக் கீழே போகவில்லை. மூன்று வாரப் படுக்கை முப்பது வருட முதுமையைவிட அதிகம் பறித்திருக்கிறது!

இதற்கு அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள், உச்ச அளவு இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் இளமை திரும்பிவிட்டது என்று எழுதிவிட்டுப் போகலாம். உள்ளே பார்த்தால், இதயம் உச்சத்தில் தள்ளும் ரத்தம் கூடவே இல்லை. தசைகள் வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இன்னும் அதிகமாக உறிஞ்சக் கற்றுக்கொண்டிருந்தன. இருபதில் படுக்கையால் விழுந்தது இதயத்தின் வழியாக, ஐம்பதில் பயிற்சியால் எழுந்தது தசையின் வழியாக, இரண்டுக்கும் ஒரே எண். ஒரு கைக்கடிகாரம் காட்டும் வி.ஓ.2 மேக்ஸில் இந்த வித்தியாசம் ஒருநாளும் தெரியாது. 1966-இல் அளந்ததையே 1996-இலும் அளந்ததால் தெரிந்தது.

மார்ச் 18, இரவு

ஐந்து பேர்தானே, அதுவும் ஐவரும் ஆண்கள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், அதுதான் இதன் பெரிய குறை. அந்தக் காலம் அப்படி. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றே வழிகாட்டியது, 1993-இல்தான் அதை விலக்கினார்கள். தூக்க மருந்து ஜோல்பிடெம் பெண்கள் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, மறுநாள் காலையும் ரத்தத்தில் நிற்கிறது என்று சொல்லிப் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க அதே துறை சொன்னது 2013-இல். மருந்து சந்தைக்கு வந்து இருபது வருடம் கழித்து! மனித உடலியங்கியல் என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி மனிதர்களை அளக்காமல் விட்டதை நான் எந்த நியாயத்தாலும் ஏற்கமாட்டேன்.

மார்ச் 21

உடம்பைக் கணினியில் ஒரு மாதிரியாக எழுதிவிட்டால் போதாதா என்று கேட்டவருக்கு. 1972-இல் ஆர்தர் கைட்டன், கோல்மன், கிரேஞ்சர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ரத்த ஓட்டம் முழுவதையும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளாக எழுதி ஒரே படத்தில் இணைத்தார்கள். இதயம், சிறுநீரகம், நரம்பு, ஹார்மோன், தாகம்கூட அதில் இருக்கிறது. நீண்ட கால ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது சிறுநீரகம் எவ்வளவு உப்பை எந்த அழுத்தத்தில் வெளியேற்றுகிறது என்பதுதான் என்று அது சொன்னது, அதைப் பற்றிய சண்டை இன்றும் ஓடுகிறது. சண்டை ஓடுவதே அந்த மாதிரிக்குப் பெருமை என்பேன், ஏனென்றால் எங்கே தவறு என்று சுட்டிக்காட்டும்படி தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் சமன்பாட்டுக்குள் போடும் எண் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உயிருள்ள உடம்பில் அளந்தது. அளக்கிறவர்கள் குறைந்தால் மாதிரி பழைய எண்ணிலேயே ஓடும்.

மார்ச் 24

ஒற்றுமையாக அளந்தால் நடக்கும் என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், குறையாகவே பேசுகிறேன் என்று தோன்றுகிறது. ஒருவர் ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார் என்பதை ஐசோடோப்பு நீர், அதாவது சற்றுக் கனமான அணுக்கள் கொண்ட நீர், குடிக்கவைத்து அளக்கலாம். பல நாட்டுக் குழுக்கள் பல வருடம் தனித்தனியாக அளந்து வைத்திருந்ததைச் சேர்த்தார்கள், எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் மறுபடி கணக்கிட்டார்கள். 2021-இல் வந்த முடிவில் 6,421 பேர், எட்டு நாள் குழந்தை முதல் 95 வயது வரை. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இருபதிலிருந்து அறுபது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறவே இல்லை. நாற்பது தாண்டினால் வளர்சிதை மாற்றம் படுத்துவிடும் என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம். தனித்தனிக் குழுவாக இருந்திருந்தால் இதை யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

மார்ச் 27

முதலில் கேள்வி கேட்டவரே திரும்ப வந்து, “உங்களிடம் பணம் கொடுத்தால் எதை ஆராய்வீர்கள்” என்கிறார். டல்லஸ் ஆய்வைத்தான் மறுபடி செய்வேன். ஆணும் பெண்ணும் சரிபாதி, பல வயதினர், பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே சைக்கிள், அதே நேரம், அதே சராசரி. இதயம், நுரையீரல், தசை, சிறுநீரகம், தூக்கம் எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே ஆளில். ஒவ்வொரு தடவையும் சின்னத் தசைத்துண்டும் ரத்தமும் எடுத்து உறைய வைப்பேன், மூலக்கூறுக்காரர்கள் அதில் என்ன வேண்டுமானாலும் பார்க்கட்டும். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓட வேண்டும், அதனால் கருவியைவிட முதலில் இரண்டு பேருக்கு, ரத்தம் எடுப்பதற்காக மணிக்கட்டுத் தமனியில் குழாய் போடக் கற்றுக்கொடுப்பேன். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களைத் தேடுவதுதான் இப்போது எங்களுக்குப் பெரிய பாடாக இருக்கிறது.

மார்ச் 27, பின்குறிப்பு

குழாய் போட்டால் வலிக்குமா என்று கேட்டவருக்கு: மரத்துப்போகும் ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும், அப்புறம் ஒரு அழுத்தம் மட்டும். என் கையிலும் போட்டிருக்கிறார்கள். எடுத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், அதை ஒழுங்காகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மணிக்கட்டு நீலமாகிவிடும்.